நோட்டில் இல்லாத ஒரு வரி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
புதன்கிழமை இரவு

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. குறை சொல்லவில்லை, உனக்கு நேரம் ஏது? தம்பி வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் பழையபடிதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறப் போவதில்லை என்கிறார். பார்ப்போம்.

உன் மகன் கபிலனுக்குக் கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷமாகிறது, அடுத்த அப்பாயின்ட்மென்டில் வலிப்பு மருந்து எப்பிலிமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னாராமே. தம்பிதான் சொன்னான். அப்பா உடனே சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பச்சை அட்டை நோட்டை மட்டும் விட்டுவிடாதே. எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம், எந்தக் கை முதலில் இழுத்தது, காய்ச்சல் இருந்ததா, முதல் நாள் தூங்கினானா என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாயே, டாக்டரே அதைத்தான் முதலில் கேட்கிறார் என்றாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டை மாதம் ஒன்று தொலைத்தவள் நீ! பக்கத்து வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அவன் அடையாள அட்டை மைகிட் காப்பி, மாற்றுத்திறனாளிக்கான ஓகேயூ கார்டு காப்பி, மருந்துச் சீட்டு மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். 12 வயதானால் மைகிட்டுக்குப் பதிலாக மைகார்டு எடுக்க வேண்டும், இப்போதே காலண்டரில் குறித்து வை. கடைசி பாட்டிலைத் திறக்கிற அன்றே அடுத்த மருந்து எடுக்கும் தேதியைப் பார். ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டு, மாப்பிள்ளைக்கும் தெரியட்டும்: ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், 5 நிமிஷம் தாண்டினால் 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அப்புறம், நோட்டில் எழுத மறக்காதே. சின்னதாக வந்தாலும் எழுது.

தீபாவளிக்கு மறுநாளே இடிஎஸ் ரயில் பிடித்துப் போனவள். நாலு மணி நேரப் பயணம், பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. பெற்றவள் வீடு என்ன அவ்வளவு

சரி. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தாய்.

நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் தம்பிக்குப் பேசிய பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பேரன் தூங்குகிறான் என்றேன். அவன் தூங்கவில்லை. நான்தான் பின் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். குடும்பத்தில் இருக்கிற நோயோ என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். வெட்கமும்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. முறுக்கு எடுக்க அடுப்படிக்குப் போனேன். கட்டில் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கண் மேலே சொருகி, இடது கை இழுக்கிறது. நீ வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய், பழைய புத்தி, சாவிக்கொத்தைத்தான் அவன் கையில் வைத்தேன். வெளியே ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். நின்ற பிறகு அவன் சட்டையை மாற்றிவிட்டுப் போய்த் தட்டில் முறுக்கு வைத்தேன்.

சட்டை ஏன் மாறியிருக்கிறது என்று நீ கேட்டாய். மைலோ கொட்டிவிட்டது என்றேன்.

இரண்டு வருஷம் ஆகவில்லை மீனா. மூன்று மாதம்தான். மருந்தில் கை வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடு. குறைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும், நீயாக எதுவும் செய்துவிடாதே. அவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, நானே சொல்கிறேன். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நோட்டை எடுத்து எழுதிக்கொள். தீபாவளி, காலை 11.20. இடது கை. இரண்டு நிமிஷம் இருக்கும். காய்ச்சல் இல்லை. முதல் நாள் இரவு பட்டாசுச் சத்தத்தில் தூங்கவில்லை. பார்த்தவர், பாட்டி.

அம்மா