செயலாளர் ஆண்டறிக்கை: வழியில்லாத தாளும் பிறவும்

நம் புதிர்ப்பாதை வரைவோர் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். இந்தச் சாரலில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தவர்களுக்கு டீ முதலில், அறிக்கை அப்புறம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் சுருக்கமாக முடிக்கிறேன்.

இந்த வருடம் பத்துக் கூட்டங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நின்றுபோயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸ் செலவு கூடியதற்குக் காரணம் நான்தான்.

குழந்தைகள் தினத்துக்கு ஒரு புதிர்ப்பாதை வரைந்தேன். மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயிலை ஊட்டியில் கொண்டு சேர்க்க வேண்டும். நிஜப் பாதையில் 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள், 16 குகைகள். குகைகளைக் கணக்காகப் போட்டேன். வளைவுகளை எண்ணப் பொறுமையில்லை. மைப்பேனாவில் வரைந்த தாளை ராத்திரி ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். ஈரக்காற்றில் மை கசிந்து, வழியில் வரும் கல்லாறு ஸ்டேஷனுக்கு மேலே விட்டிருந்த சின்ன இடைவெளி சுவராகிவிட்டது. அதைப் பார்க்காமல் 60 பிரதி எடுத்தேன்.

அரை மணி நேரமாகியும் ஒரு பிள்ளைகூட ஊட்டி போய்ச் சேரவில்லை. நானோ, "நல்லாப் பாருங்க கண்ணு, வழி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அம்மா ஒருவர் பென்சிலை வாங்கினார். முட்டுச்சந்து ஒவ்வொன்றையும், கிளை பிரியும் இடம்வரை, கறுப்படித்துக்கொண்டே வந்தார். ஒழுங்கான தாளில் இப்படிச் செய்தால் கடைசியில் சரியான வழி மட்டும் வெள்ளையாக மிஞ்சும். என் தாளில் மேட்டுப்பாளையம் வரைக்கும் கறுத்துவிட்டது. "ரயிலு கல்லாறு தாண்டலியே தம்பி" என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வரைந்தவர் அல்லாத ஒருவர் தீர்த்துப் பார்க்காமல் எந்தத் தாளும் ஜெராக்ஸுக்குப் போகக்கூடாது என்று மறு கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் அந்த அம்மா, வழிமொழிந்தவன் நான்.

வரைதல் வகுப்பில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. பொய்வழிகள் இரண்டு விரற்கடை நீளத்திலேயே முடிந்துவிடுகின்றன. பார்த்தவுடன் தெரிந்துவிட்டால் அதில் யார் நுழைவார்கள்? அடுத்தது, கிளைகளை எல்லாரும் தொடக்கத்திலிருந்தே பிரிக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், முடிவிலிருந்து பின்னோக்கி வந்து நிமிடத்தில் தீர்த்துவிடுகிறார்கள். முடிவுப் பக்கமிருந்து வருகிறவர்களையும் ஏமாற்றச் சில கிளைகள் வேண்டும். சுவரில் கைவைத்தபடியே போகிறவர்களைத் தடுக்க, போய்ச் சேரும் இடத்தை நடுவில், வெளிச்சுவரோடு ஒட்டாத தனிச்சுவருக்குள் வைத்தால் போதும்.

மார்ச்சில் பாட்டிமார் ஏழுசுற்றுக் கோட்டை என்ற சுற்றுப்பாதைக் கோலம் போடக் கற்றுத்தந்தார்கள். நடுவில் ஒரு சிலுவை, நான்கு மூலை, நான்கு புள்ளி. வளைத்து வளைத்து இணைத்தால் கோட்டை. கர்நாடகத்து ஹளேபீடு கோயில் சிற்பத்தில் சக்கரவியூகத்தையும் இப்படிச் சுற்றுப்பாதையாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். கோட்டையில் கிளையே இல்லை, தொலைந்துபோக வழியில்லை. ஆகவே அது புதிரா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் அன்று வந்த கூட்டம் வேறெந்த வகுப்புக்கும் வரவில்லை.

சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரைப் பார்க்கவும். அடுத்த ஆண்டுக்கான செயலாளர் தேர்தல் டீக்குப் பிறகு. யாராவது முன்வந்தால் பென்சில் பெட்டியோடு, மிஞ்சிய அந்த ரயில் தாள்களையும் ஒப்படைக்கிறேன். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.