போர்டிங் என்று நினைத்தது

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றிரவு போனிலேயே சொல்லத்தான் நினைத்தேன். நீ கொப்பி திருத்திக்கொண்டே கதைத்தாய். இடையில் அம்மா வந்து குளிர்ச் சப்பாத்து வாங்கினாயா என்று தொடங்கிவிட்டா. சரி, எழுதியே விடுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் முதியோர் சங்கம் பிரன்ட்ஃபோர்ட்டுக்கு பஸ் விட்டது. நயாகராவுக்குப் போகிறோம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஏறினார்கள். போய் இறங்கிய இடம் மோஹாக் இன்ஸ்டிடியூட், கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்திருந்த பழைய வதிவிடப் பாடசாலை. நீ என்னிடம் சண்டை பிடித்த அதே விஷயம்.

2015 உனக்கு நினைவிருக்கும். அந்தப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முடிவுகள் வந்த ஜூன் மாதம். சாப்பாட்டு மேசையில் நீ வதிவிடப் பாடசாலைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். ‘நானும் போர்டிங்கில் படித்தவன்தான், செத்தா போனேன்?’ என்று கேட்டேன். அதோடு நிற்காமல், அரசாங்கம் பூர்வகுடிகளுக்கு எல்லாம் சும்மா கொடுக்கிறது, இன்னும் எத்தனை வருடத்துக்கு இதையே சொல்லப்போகிறார்கள் என்றும் சொன்னேன். நீ பாதித் தட்டோடு எழும்பிப் போனாய்.

எனக்கு போர்டிங் என்றால் யாழ்ப்பாணத்து போர்டிங்தான், பிள்ளை. இடம் கிடைத்தால் ஊரெல்லாம் பெருமை. ஞாயிறு தவறாமல் அப்பம்மா முதல் பஸ்ஸில் எள்ளுருண்டைப் பொதியோடு வந்து வேப்பமரத்தடியில் இருப்பா. பொங்கலுக்கு வீடு, தீபாவளிக்கு வீடு. வாத்தியார் அடித்தார்தான், ஆனால் தமிழில் திட்டித்தான் அடித்தார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் இந்த நாட்டின் சரித்திரம் முழுவதையும் விளங்கிக்கொண்டதாக நினைத்துவிட்டேன்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் செங்கல்லில் கட்டிய வடிவான பெரிய வீடு மாதிரித்தான் இருக்கிறது. 1830களில் பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கி, 1970இல்தான் மூடியிருக்கிறார்கள். அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை. சுற்றிவர ஆப்பிள் தோட்டம். அதில் பாடுபட்டது பிள்ளைகள், பழம் போனது விற்பனைக்கு. அவர்களுக்குக் கிடைத்தது ஓட்ஸ் கஞ்சி, திரும்பத் திரும்ப அதே கஞ்சி. அதனால் அவர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் ‘மஷ் ஹோல்’. கஞ்சிக் குழி என்று வைத்துக்கொள்ளேன். 1920இல் சட்டத்தை மாற்றிப் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். அனுப்பாத தாய் தகப்பனைத் தண்டிக்கலாம், ஓடிப்போன பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வரலாம். நாடு முழுவதும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி.

பின்பக்கச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். செங்கற்களில் பிள்ளைகள் கீறிய பெயர்கள், முதலெழுத்துகள். உள்ளே இலக்கம் போட்டுக் கூப்பிட்ட பிள்ளைகள், வெளியே கல்லில் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். சில கீறல்கள் என் இடுப்பளவுக்குக் கூட இல்லை. குனிந்து ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆழமாக இருந்தது. ஆணி மாதிரி ஏதோ ஒன்றால், ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. அந்த ஆணைக்குழு கணக்கெடுத்த 3,200 மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறந்த பிள்ளையின் பெயரையே எவரும் எழுதி வைக்கவில்லை என்று நீ அன்றைக்கே சொன்னாய். எனக்கு அது சுவரடியில்தான் கேட்டது.

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கசக்கும், ஏன் என்று உனக்குத் தெரியும். கொழும்பும் அந்தப் பெயரில் ஒரு ஆணைக்குழு வைத்ததுதான். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு நாங்கள் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும்போது யாராவது ‘இன்னுமா அதையே சொல்கிறீர்கள்’ என்று கேட்டால் எனக்கு எப்படிப் பற்றி எரியும் என்று பார்த்திருக்கிறாய். அதே கேள்வியைத்தான் நான் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘இப்பதான் விளங்கினதோ’ என்றா. அவ எப்போதும் உன் பக்கம்.

இன்னொன்று மனதைக் குடைகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழக் காரில் ஏற்றியது. வரிப்பணத்தில் நடந்த வகுப்பு அது. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் தாய்மொழி படிக்க ஒன்ராறியோ அரசாங்கம் காசு கொடுக்கத் தொடங்கியது 1977இல். கஞ்சிக் குழியை மூடி ஏழே வருடம்! அங்கே பிள்ளைகள் தங்கள் மோஹாக் மொழி பேசியதற்கு அடி வாங்கியிருக்கிறார்கள். இங்கே வந்தேறிய எங்களுக்கு வகுப்பறையும் வாத்தியாரும். இப்போது பக்கத்திலேயே பூர்வகுடிகளின் ஊரான ஓஸ்வேக்கனில் பெரியவர்கள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இருந்து மோஹாக் படிக்கிறார்களாம், தங்கள் பிள்ளைகளோடு அந்த மொழியில் கதைப்பதற்கு. இதைக் கேட்டு எங்கள் தமிழ் வாத்தியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆணைக்குழுவின் 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் எங்களைப் போல வந்து குடியேறியவர்களைப் பற்றியவை என்று அங்கேதான் அறிந்தேன். நான் குடியுரிமைச் சத்தியம் செய்தபோது மகாராணி இருந்தா, பூர்வகுடிகள் இல்லை. 2021 ஜூனில் சத்தியத்தை மாற்றி அவர்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் சேர்த்திருக்கிறார்கள். போன வருடம் சித்தப்பாவின் மகன் அதைச் சொன்னபோது நான் பின்வரிசையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேசையில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பத்து வருடம் பிந்தித்தான்.

அப்புறம், தண்டர் பேயில் உன்னிடம் படிக்கிற பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றி. ஊரில் உயர்பள்ளி இல்லாததால் விமானத்தில் வந்து, தெரியாதவர் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள் என்றாய். அப்போது நான் சும்மா ‘ம்’ கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்க்க யார் வருவார்கள்?

அம்மா எள்ளுருண்டை பிடிக்கிறா. பெரிய பொதியாக வரும், உனக்கு மட்டும் என்று நினைத்து ஒளித்து வைக்காதே. யாருக்காவது எள் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு, வியாழனுக்கு முன் ஒரு சொல் அனுப்பு. ஒத்துக்கொள்ளாது என்றால் பயற்றம் பணியாரம் செய்யலாம் என்கிறா.

அன்புடன்,
அப்பா