வைரத்தின் நிறம் தோஷமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வைரத்தோடுகளும் எண்கல் பேசரி மூக்குத்திகளும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றை விற்கவோ மாற்றவோ செல்லும் மூதாட்டிகளிடம், கல்லைக் கழற்றி வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்து, "மஞ்சளடிக்கிறது, தோஷக்கல், வீட்டில் வைத்திருக்கக் கூடாது" என்று அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. இது பெரும் அநியாயம்.

கவிழ்த்துப் பார்ப்பது முறையான சோதனைதான். பட்டைகளின் ஜொலிப்பு மறைக்கும் நிறம் அப்போது தெரிந்துவிடும். ஆனால் அங்கே தெரியும் மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜனே. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து வைரமாகும்போது, சில இடங்களில் நைட்ரஜன் அணுக்கள் புகுந்துகொள்கின்றன. அவை தனித்தனியே நின்றால் நீல ஒளியை உறிஞ்சிக் கல்லுக்கு அழுத்தமான மஞ்சளைத் தரும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்த வெப்பத்தில் கிடந்து, நகர்ந்து, இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ கூடிவிட்டால் நிறம் தருவதில்லை. கார்பன் அணு இல்லாத ஒரு வெற்றிடத்தை மூன்று நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்து நிற்பதே நம் பாட்டிமார் தோடுகளில் காணும் இளமஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம். இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு; அது தோஷமென்றால் தோஷமற்ற வைரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நிறமற்ற டி முதல் இளமஞ்சளான இசட் வரையிலான நிறத் தர வரிசையில் கீழே செல்லச் செல்ல விலை குறையும் என்பது உண்மை. அதைச் சொல்லி விலை பேசட்டும். அதே மஞ்சள் இசட்டையும் தாண்டி அடர்ந்துவிட்டால் விலை மறுபடி ஏறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும்.

நீல வைரத்தின் நிறத்துக்குப் பத்து லட்சம் அணுக்களில் ஒன்றிரண்டு போரான் என்ற தனிமத்தின் அணுக்களே போதும். கோல்கொண்டா வட்டாரத்தில் கிடைத்து, இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 45.52 காரட் ஹோப் வைரத்தைப் பற்றியும் எத்தனையோ சாபக்கதைகள் கட்டிவிடப்பட்டன. அதன் நீலத்துக்கும் போரான்தான் காரணம். 2020இல் மூடப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்து இளஞ்சிவப்புக் கற்களில் வேற்று அணு எதுவும் அந்த நிறத்தைத் தரவில்லை. பூமியின் அழுத்தத்தில் அணு அடுக்குகள் நெளிந்து வழுக்கியதன் விளைவு அது.

பச்சை நிறத்தில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். பாறைகளிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் கார்பன் அணுக்களை இடம்பெயரச் செய்வதால் அந்நிறம் பிறக்கிறது. பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும் அந்தப் பச்சை பட்டை தீட்டும்போதே போய்விடும் என்பதால், கல் முழுவதும் பச்சையான இயற்கை வைரம் மிக அரிது. இன்றோ ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி மலிவான கல்லையும் பச்சையாக்க முடிகிறது. தேர்ந்த ஆய்வுக்கூடங்களே சில கற்களில் நிறம் இயற்கையா, செயற்கையா என்று முடிவுசெய்யத் திணறுகின்றன. அப்படியிருக்க, வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதை நம் மலேசிய நாட்டின் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. எனவே, நிறம் இயற்கையானதா, ஏற்றப்பட்டதா, கல்லே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டதா என்பதை நகைக்கடையினர் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். பயனீட்டாளர் சங்கங்கள் இதை வலியுறுத்த வேண்டும். பழைய கல்லை விற்க நினைப்போர், ஆய்வுச் சான்றிதழ் பெறும்வரை அதைக் கைமாற்ற வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.