மகளுக்கு: அளவெடுத்து வாங்கு

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் நலம். மணகோலமும் சீப்புச் சீடையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதே பெட்டியில் ஒரு இஞ்ச் டேப்பும் இருக்கும். அது எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் "சரி ஆத்தா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எனக்கும் வாய் வராது.

பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்தபோது, நீ சேலை மாற்றுகையில் உன் தோளைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பாடியின் (நீ பிரா என்பாய்) பட்டி பதிந்து கருத்துக் கிடக்கிறது. மார்புக்கு அடியில் வேர்க்குரு வேறு. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாய்.

காலேஜில் படிக்கும்போது வாங்கிய அதே 34-ஐத்தான் இன்னும் கேட்டு வாங்குகிறாய், இல்லையா? பிள்ளை பெற்று, பால் கொடுத்து, பால் மறக்கடித்த உடம்புக்கு அந்தப் பாடி எப்படிப் பொருந்தும்? மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கிச் சுற்றிப் பார். முதுகைச் சுற்றி வரும் பட்டைக்கு அதுதான் அளவு. அப்புறம் மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் சுற்று. இரண்டுக்கும் வித்தியாசம் 1 அங்குலம் என்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. தூரமாகும் நாளை ஒட்டி அளக்காதே, அப்போது மார்பு கனத்திருக்கும்.

பாரத்தைத் தாங்க வேண்டியது முதுகுப் பட்டை. அது தொளதொளவென்று இருந்தால் பின்னால் மேலே ஏறிவிடும். உடனே நீ தோள்பட்டியை இழுத்து இறுக்குவாய். பாரமெல்லாம் தோளுக்குப் போய்ச் சதையை அறுக்கும். உனக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். 34 பி-யில் பட்டை தளர்வாக இருந்தால் 32 சி எடுத்துப் போட்டுப் பார், கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் விடவிட உள்கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். கப்பின் மேல் விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறிது. வேர்க்குரு போகிற வரைக்கும் பருத்தியே போடு. வெந்நீரில் முக்காதே, நிழலில் காயப்போடு.

காரைக்குடியில் எங்கள் காலத்தில் கடையில் ஆம்பளைகள்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சைஸ் நம்பரை மட்டும் சொல்லி, பேப்பரில் சுற்றியதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். உனக்கு அந்தக் கூச்சம் எதற்கு? சென்னையில் பெண்களே அளவெடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, போட்டுப் பார்த்து வாங்கலாம். இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய், ஊரில் உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற பெண், நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கிறதை மட்டும் பார்க்காமல் வாங்கினால் கோபம் வராதா?

அளவெடு, கட்டாயம் அளவெடு. ஏனென்றால் நோன்பன்று இழை வாங்க வந்தபோது இடது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு முகம் சுளித்தாய். பாடியின் இறுக்கம்தான் காரணம் என்றால் நல்ல அளவு போட்டதும் சரியாகிவிடும். ஆகாவிட்டால்? பெரியாத்தாவும் ஜாக்கெட் பிடிக்கிறது, ஜாக்கெட் பிடிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு நான் எழுத வேண்டாம்.

பாடி போடுவதால் புற்றுநோய் வராது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதே. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது எப்படிப்பட்டது என்று நீயும் நானும் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, கூடப் பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு எத்தனை வருஷம் அலைந்து 1954-இல் அடையாறு ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தார்! அது இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நீ ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா? எடுத்த எடுப்பில் அங்கே போகச் சொல்லவில்லை. உன் வீட்டுப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டரிடம் முதலில் காட்டு.

தனியாகப் போக வேண்டாம். நாளைச் சொல், முதல் நாள் காலையிலேயே பல்லவன் ரயிலில் ஏறிவிடுகிறேன். பிள்ளையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், டாக்டர் ரூமுக்குள் நான் உன்னோடு வருகிறேன். அப்பச்சியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்குப் போன் போடு.

ஆத்தா