என் 5 வாட் டிரான்சீவர் பேசுகிறது: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோவுக்காகக் கட்டிய என் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டையில் குரலை அனுப்பும்) டிரான்சீவர், அதாவது கேட்கவும் பேசவும் உதவும் ரேடியோ, ஒருவழியாகக் காற்றில் ஏறிவிட்டது. குரல் தெளிவாக இருக்கிறது என்று மறுமுனையில் சொல்கிறார்கள். யார் யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் வணக்கம் அஷ்ஹர் ஃபர்ஹானுக்கு. பிட்எக்ஸ் என்ற இந்த டிரான்சீவரின் சர்க்யூட்டை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தவர். எங்கும் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள், கையால் சுற்றிக்கொள்ளும் காயில்கள், அவ்வளவுதான். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் அதே கிரிஸ்டல் ஃபில்டர் (வேண்டிய அலைகளை மட்டும் விடும் வடிகட்டி), அதே மிக்சர் (அலைவரிசையை மாற்றுவது), அதே ஆசிலேட்டர் (அலையை உண்டாக்குவது). ஆகவே ரிசீவர் நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டால் டிரான்ஸ்மிட்டரிலும் பாதி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பழுது தேடி உட்காரும்போது இது எவ்வளவு பெரிய தெம்பு என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

கிரிஸ்டல் பொறுக்கிக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. 12 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட கிரிஸ்டல்கள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின் இருக்கும். அவர் ஒரு பை நிறைய கிரிஸ்டல்களை ஒவ்வொன்றாக டெஸ்ட் ஆசிலேட்டரில் போட்டு அளந்து, 50 ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போகும் நான்கை அந்த ஃபில்டருக்காகத் தனியாக எடுத்து அனுப்பினார். இன்று என் குரலைப் பாராட்டுகிறவர்கள் உண்மையில் அவருடைய பொறுமையைத்தான் பாராட்டுகிறார்கள். டொராய்டு (வளைய வடிவ) காயில்களைச் சுற்றித் தந்த என் தங்கைக்கும் நன்றி. கம்பி ஓட்டைக்குள் ஒரு முறை நுழைந்தாலே அது ஒரு சுற்று என்பதை அவளுக்கு ஒரு தடவைதான் சொன்னேன்.

அடுத்து விஎஃப்ஓ, எந்த அலைவரிசையில் பேசுகிறோம் என்பதை முடிவுசெய்யும் ஆசிலேட்டர். 4.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டிய அது, சூடு ஏற ஏற நகர்ந்துகொண்டே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் குரல் மாறிவிடும். பழைய காலத்து ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஐயா ஒருவரிடம் சொன்னேன். "எதையும் கழற்றாதீங்க தம்பி. சூடான சால்டரிங் அயர்னை ஒவ்வொரு கபாசிட்டர் பக்கத்திலும் கொண்டு போங்க, தொட வேண்டாம். கவுண்டர் எப்ப ஓடுதுன்னு பாருங்க" என்றார். காயிலோடு சேர்ந்த ஒரு செராமிக் கபாசிட்டர் அருகில் போனதும் அலைவரிசையைக் காட்டும் கவுண்டரில் எண்கள் ஓடின. அந்த இடத்தில் சூட்டுக்கு அளவு மாறாத என்பிஓ வகையைப் போட்டேன், நின்றுவிட்டது. இவ்வளவு எளிய சோதனையை நான் வேறெங்கும் கற்றதில்லை.

எல்லாவற்றையும் விடப் படுத்தியது பவர் ஆம்ப்ளிஃபயர். மைக்கில் யாரும் பேசாதபோதே டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) சூடாகும். கேரியர் (குரலைச் சுமக்கும் அடிப்படை அலை) கசிகிறது என்றுதான் தோன்றும், அதை அடக்கும் பேலன்ஸ்டு மாடுலேட்டரின் ட்ரிம்மரைத் திருகத்தான் கை போகும். அப்போது ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் திருப்பம்: "பிஎஃப்ஓவை நிறுத்திவிட்டால் அந்தப் பவர் போகிறதா?" கேரியரை உண்டாக்கும் ஆசிலேட்டர்தான் பிஎஃப்ஓ. நிறுத்திப் பார்த்தேன். போகவில்லை. கேரியரே இல்லாத இடத்தில் அது கசிய முடியாது, ஆகவே ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஆசிலேட் ஆகிறது, அதாவது உள்ளே எதுவும் வராமலே அலையை உண்டாக்குகிறது. தேட வேண்டிய இடம் அந்த ஒரு கேள்வியில் பாதிக்குமேல் சுருங்கிவிட்டது.

அப்புறம் ஆசிலோஸ்கோப் கொடுத்து உதவியவர் வந்தார். ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் (உள்ளீட்டு) காலிலேயே ஒட்டினாற்போல் 10 ஓம் ரெசிஸ்டர் வைக்கச் சொன்னார். வெளியே போகும் வயருக்குக் கோஆக்சியல் (கவசமுள்ள) கேபிள் போட்டு, டிரைவர் பக்கத்திலிருந்து விலக்கினோம். திரையில் இருந்த அலை அடங்கியது. பயாஸ் (டிரான்சிஸ்டர் ஓய்வில் இழுக்கும் மின்னோட்டம்) வைக்கும்போதும் கூடவே இருந்தார். அந்த மாஸ்ஃபெட் 2 வோல்ட்டில் திறந்தாலும் திறக்கும், 4 வோல்ட் வரை இழுத்தாலும் இழுக்கும், துண்டுக்குத் துண்டு வித்தியாசம். அதனால் இன்னொருவர் வைத்த அளவை நம்பாமல், அம்மீட்டரைப் பார்த்தபடி பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, 100 மில்லிஆம்பியரில் நிறுத்தினோம். கடைசியில் டயோடு ப்ரோப்பை 50 ஓம் லோடில் வைத்து மைக்கில் விசிலடித்தால் 22 வோல்ட் உச்சம் காட்டியது. அதை வர்க்கப்படுத்தி 100 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 வாட். அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் இருவரும் கத்தியது பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும்.

உங்களில் ஒருவர்கூட "அந்தப் பார்ட்டை மாற்றிப் பார்" என்று சொல்லவில்லை. எல்லோரும் "முதலில் அளந்து பார்" என்றுதான் சொன்னீர்கள். பதிலை மட்டும் கொடுத்திருந்தால் டிரான்சீவர் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. சோதனை அழைப்புகளுக்கெல்லாம் சலிக்காமல் காது கொடுத்து, "இன்னும் கொஞ்சம் கீழே வா, இப்போ சரி" என்று வழிகாட்டிய குரல்களுக்கும் என் வணக்கம்.

ஒவ்வொரு நிலையிலும் கேட்கும்போதும் அனுப்பும்போதும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அளந்து அட்டவணை எழுதி வைத்திருக்கிறேன். அளந்த கிரிஸ்டல்களில் சில மீதம் இருக்கின்றன. இதே டிரான்சீவரைக் கட்டுகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள், இரண்டையும் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன், 73 (ஹாம்கள் வழக்கில் 'வாழ்த்துகள்').