ஃப்ளூ தடுப்பூசி விடுதி வாசலுக்கே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பல்கலைக்கழக விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். போன ஃப்ளூ சீசனில் எங்கள் விடுதியில் நடந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி, மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு பையன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது. "தூங்கி எழுந்தா சரியாயிடும் சார்" என்றான். வியாழக்கிழமைக்குள் அவனோடு இருந்த இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் அதே தளத்தில் பதினோரு அறைகளின் வாசலில் மெஸ் தட்டுகள் கிடந்தன, பாதிக்கு மேல் தொடாமலேயே. அதில் ஒருவனுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. நள்ளிரவில் மூச்சு விட முடியாமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நானும் வாட்ச்மேனும்தான் தாங்கிப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்து வந்துவிட்டான், ஆனால் செமஸ்டர் தேர்வு போய்விட்டது.

காய்ச்சல் வந்தவரைத் தனியாக வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தனியாக வைக்க வேண்டியதுதான், ஆனால் ஃப்ளூ வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடுகிறது. அவன் படுக்கையில் விழுவதற்கு முந்தின நாளே வகுப்பில் உட்கார்ந்திருப்பான், நாலு பேரோடு ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்திருப்பான்.

தடுப்பூசி கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வளாகத்தின் சுகாதார மையத்தில் இருந்தது, சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் மையம் திறந்திருப்பது காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. மாணவர்கள் வகுப்பிலும் லேபிலும் இருக்கிற நேரம் அதுதான். ஒரு ஊசிக்காக யார் லேபை விட்டு வருவார்கள்? காய்ச்சலில் கிடந்தவர்களிடம் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். தடுப்பூசியே வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "நேரம் கிடைக்கல சார்", "அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன்", இவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். மாணவர்களை மையத்துக்கு வரச் சொல்லாதீர்கள், ஊசியை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை மெஸ் வாசலில் ஒரு மேஜை, இரண்டு நர்ஸ்கள், மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க ஒரு குளிர்பெட்டி, போட்டுக்கொண்டவர்கள் கால் மணி நேரம் உட்கார நாற்காலிகள். முன்பு இந்தத் தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருக்கிறதா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடலாம். நூலக வாசலிலும் ஒரு நாள் வைக்கலாம். சமையல்காரர்கள், வாட்ச்மேன்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் அதே மேஜையில் போட வேண்டும். நூறு தட்டுகளைக் கழுவுகிறவரை விட்டுவிட்டு மாணவர்களுக்கு மட்டும் போடுவது எந்த வகையிலும் சரியில்லை.

இதைச் சீசன் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஊசி போட்டு உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும், விடுதியே இருமிக்கொண்டிருக்கும்போது மேஜை போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. போன வருடம் போட்டவர்களும் மறுபடி போட வேண்டும். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கேற்ப எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது.

ஊசி போட்டால் ஃப்ளூவே வந்துவிடும் என்ற பயம் இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஃப்ளூ வர வழியில்லை. கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடங்களில்கூட, ஃப்ளூவால் டாக்டரிடம் போக வேண்டிய நிலையைச் சுமார் 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. மூன்று கட்டில்கள் ஒட்டிக் கிடக்கிற அறையில் அதுவே எனக்குப் பெரிய விஷயம். மீறி வந்தாலும் மருத்துவமனை வரை போகிற ஆபத்து குறைகிறது.

இளம் வயதுதானே, தாங்கிக்கொள்வார்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். 1918இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ கொள்ளை நோயில் 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்கள்தான் ஏராளமாகச் செத்தார்கள். ஃப்ளூ தடுப்பூசி பலன் தருகிறது என்று 1943இல் பெரிய அளவில் சோதித்துக் காட்டியதும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ராணுவப் பயிற்சித் திட்டத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம்தான்.

எங்கள் விடுதியின் பொது அறையைத் தரத் தயாராக இருக்கிறேன். மேஜையும் நாற்காலிகளும் இருக்கின்றன, பெயர் எழுதிக்கொள்ள மாணவர்களே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகம் இரண்டு நர்ஸ்களை இரண்டு மணி நேரம் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு விடுதிக் காப்பாளர்