துண்டு வீசும் முன் கண்மாயில் இறங்காதீர்கள்: தொழில் திட்டங்களுக்கு இடம் பார்க்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒருபோகத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் தரிசு. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், தங்கச்சி மகன் திருப்பூரில். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையையும் வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களையும் விட்டால் மதுரையைச் சுற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பேச்சு வரும். ஆகவே ஆலையே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இடத்தை முடிவு செய்யும் முன்னே ஊருக்குள் வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 7 அன்று எங்கள் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமச் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. 2,015 ஹெக்டேர், ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். அங்கே மலையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிறது, பாறை இடுக்கில் வல்லூறு கூடு கட்டுகிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும் அரசாங்கம்தான். சுரங்க ஏலத்துக்கு முன்னால் எங்களைப் போன்ற ஊர்களின் கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கேட்காத கேள்விக்கு ஊர்களே பதில் சொல்லின. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தோம். எனக்கு முன்னால் போன ஒரு பெண், செருப்பு அறுந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. 77 நாள். அந்த 77 நாளும் எந்த வீட்டிலும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை.

இதிலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்ட பாடம்தான் எனக்குக் கவலை தருகிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமம், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 சதவீத நிலக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலோ, தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்படி எடுத்தால் சம்மதமும் தேவையில்லை, சமூகத் தாக்க மதிப்பீடும் தேவையில்லை. 2019-இல் அந்தச் சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது செல்லும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டப்படி நீங்கள் எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்: கேளுங்கள்.

எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா? கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டு ஊர் சனம் எல்லாம் கரையில் வந்து குவிந்துவிடும். கண்ணெதிரே கெளுத்தி துள்ளும். ஒருத்தர் கால் வைக்க மாட்டார். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்குவார்கள். அங்கே காவலுக்குப் போலீஸ் கிடையாது, எழுதி வைத்த சட்டமும் கிடையாது. துண்டு வீசும் வரை நிற்கத் தெரிந்தவர்கள் நாங்கள். எங்களிடம் வருகிறவர்களும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம், வாசலில் தடுப்புக் கம்பி. ஆங்கிலத்தில் தலையணை கனத்துக்கு அறிக்கை, தமிழில் அதன் சுருக்கம் சில பக்கம். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, "ஓடையை அடச்சுட்டா என் ஆடு எங்கய்யா தண்ணி குடிக்கும்?" என்று கேட்டார். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, அடுத்தவர்" என்றார்கள். அவர் மைக்கை விடாமல் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் அந்த முகம் எனக்குள் நிற்கிறது. அவர் பெயரில் பட்டா இல்லை. பட்டா இருந்தால் இழப்பீடு கேட்கலாம், மேய்ச்சல் புறம்போக்கை நம்பி இருப்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயத் திட்டமிட்ட ஆய்வகத்திலும் இதே கதைதான். நியூட்ரினோவால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னது உண்மை. ஊர்க்காரர்கள் கேட்டது, பாறையை வெடிக்கும் அதிர்வு என்ன செய்யும், குடைந்தெடுத்த கல்லை எங்கே கொட்டுவீர்கள் என்பது.

தண்ணீர் விஷயத்தில்தான் வரைபடத்தை நம்பி அதிகம் ஏமாறுகிறீர்கள். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. சர்வே எண்ணில் "தரிசு" என்று இருக்கிற மேட்டில்தான் நாலு ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கூடுகிறது. அந்த மேட்டில் சுற்றுச்சுவர் எழுப்பினால், ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்காத கடைசி ஊரின் மடை வறண்டுபோகும். அந்த ஊரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மடை திறந்து தண்ணீர் பங்கிடும் எங்கள் நீர்பாய்ச்சியோடு ஒரு நாள் கரையில் நடந்தால் இது உங்களுக்கே விளங்கும்.

ஆகவே ஒரே இடத்தை முடித்துக்கொண்டு வராமல், இரண்டு மூன்று இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். முழு அறிக்கையையும் தமிழில் கொடுங்கள், படிக்க இரண்டு மாதம் விடுங்கள். எத்தனை வேலை, அதில் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை, நிரந்தரமா ஒப்பந்தமா, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அது எங்கிருந்து என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அடுத்த இடத்துக்குப் போகும் மனதோடு வாருங்கள். அந்த மனதோடு வருகிறவருக்குத்தான் சரி என்றும் சொல்லத் தோன்றும்.

மாசியில் வாருங்கள், அறுப்பு முடிந்து ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் வந்தால் வேலைக்குப் போன பெண்களும் ஊர் கூடும் இடமான மந்தைக்கு வந்துவிடுவார்கள். பெரிய வரைபடமாகக் கொண்டுவாருங்கள், ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கட்டும். விளக்கும் பாயும் நாங்கள் போடுகிறோம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து விவசாயி ஒருவர்